உட்கார்ந்து கேட்கிற கிட்டார்

சத்தியம்! கேட்கிறீரா, சத்தியம்! கடல் மேல் சத்தியம், கடலைப் பார்த்து நிற்கிற மாதா மேல் சத்தியம், என் பெண்டாட்டி செலஸ்தீனாவின் தலை மேல் சத்தியம், இது அவளுக்குத் தெரியாமல் செய்கிற சத்தியம் என்பதால் கூடுதல் வலு. இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் பத்து விரலும் பத்து முருங்கைக்காயாகப் போகட்டும், அதைப் போட்டு அவள் சாம்பார் வைக்கட்டும். இந்தத் தொம்மை பேசினால் பாதியை வெளியே கொட்டிவிட்டு மீதியைக் கேட்பது தூத்துக்குடி வழக்கம். என் பழைய கிட்டார் பலா மரத்தில் செய்தது, ஆனி மாதமானால் அதிலிருந்து பழ வாசனை வரும், ஈ மொய்க்கும், ஈயை விரட்டிக்கொண்டேதான் வாசிப்பேன் என்று சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. சங்கு குளிக்கப் போன காலத்தில் கடலடியில் ஒரு திமிங்கிலம் என் காதோரமாகத் தும்மியது என்றேன், சிரித்தார்கள். அதெல்லாம் இருக்கட்டும். இதைச் சிரிக்காமல் கேளும் வே. இது ஒரு மத்தியானம் நடந்தது. நடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. கரண்ட் போனது, கரண்ட் வந்தது, அவ்வளவுதான்.

பொன்னுலிங்கத்தின் கடையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். சுவர் முழுக்கக் கிட்டார்கள் கழுத்தில் தூக்கு மாட்டித் தொங்குகின்றன. பக்கத்தில் என் மச்சினன் கஸ்மீர், செலஸ்தீனாவின் தம்பி, எங்கள் மெல்லிசைக் குழுவுக்குத் தலைவன், கீபோர்டு வாசிக்கிறவன். என் பழைய கிட்டாரின் கழுத்து உப்புக் காற்றில் வில்லாக வளைந்து, கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே எலி குடும்பத்தோடு போய் வரலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டது, அதனால் புதிது வாங்க வந்திருக்கிறோம். பணம் குழுவுடையது, காது என்னுடையது. அந்தக் காதை நம்பித்தான் கூட்டி வந்திருக்கிறான். ‘எங்க அத்தான் சத்தத்தைக் கேட்டே மரம் என்னன்னு சொல்லிருவாக’ என்று மேடை மேடையாக மைக்கில் சொல்லுகிறவன் இவன்தான். சொல்லச் சொன்னவன் நான்தான். பொன்னுலிங்கம் முதலில் ஒரு சிவப்புக் கிட்டாரை எடுத்து ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் ஒயரைச் செருகி, திருகைத் திருப்பி என் மடியில் வைத்தான். நான் கம்பியைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பெரிய வித்வான் மாதிரி தலையை ஆட்டி, “ஆகா, என்ன அமைதி பாத்தியா மாப்ள, பால் மாதிரி” என்றேன். கண்ணைத் திறந்தால் ரெண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கஸ்மீருக்குக் கீச்சுக் குரல், அது எனக்கு எப்போதும் கேட்கும். “என்ன அத்தான் சொல்லுதீக? குளவிக் கூட்டுக்குள்ள தலைய விட்ட மாதிரி இரையுதே” என்றான். இரைகிறதா? அந்த நிமிஷம் பார்த்துத் தலைக்கு மேல் ட்யூப் லைட் அணைந்தது, ஃபேன் தளர்ந்தது, ஆம்ப்ளிஃபயரின் சிவப்புக் கண் மூடியது. கரண்ட் போய்விட்டது. மின்சாரத்தை நிறுத்தின புண்ணியவான் எவனோ, அவன் குடும்பத்துக்கு நோய் நொடி வரக்கூடாது.

“வந்துரும் ஐயா, இந்நேரம் போறதுதான்” என்று பொன்னுலிங்கம் கடை ஷட்டரை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டான், தெரு வெளிச்சம் உள்ளே வர. ஆக எனக்கு இடைவேளை. கரண்ட் வருகிற வரைக்கும் இந்தக் கடையில் கிட்டார் எல்லாம் வெறும் கட்டை, நான் வெறும் கிழவன். கரண்ட் வந்ததும் பரீட்சை. கஸ்மீரின் காலடியில் ஒரு மஞ்சள் பை சாய்ந்து நிற்கிறது. வரும் வழியில் துணிக்கடைத் தெருவில் ஆட்டோவை நிறுத்தி, “நீங்க உள்ளயே இருங்க அத்தான்” என்று சொல்லிவிட்டுப் போய் வாங்கி வந்தான். தட்டையாக, சதுரமாக, விறைப்பாக இருக்கிறது. அட்டை வைத்து மடித்த துணி அப்படித்தான் இருக்கும். அட்டை வைத்து மடிப்பது எந்தத் துணியை? பொன்னாடையை. உமக்கு எங்கள் குழு வழக்கம் தெரியாது. எங்களில் யாரையும் போ என்று சொல்லுவதில்லை. பொன்னாடை போர்த்துவோம். டிரம்பெட் லாசர் அண்ணனுக்குப் பல் விழுந்து, ஊதினால் காற்றும் எச்சிலுமாக வந்தபோது, அடுத்த திருவிழா மேடையில் கஸ்மீர் மைக்கைப் பிடித்து, ‘இசைச் செம்மல், எங்கள் மூத்த சகோதரர்’ என்று தொடங்கினான். லாசர் அண்ணனின் முகம் அப்போதே கறுத்துவிட்டது. ஜரிகை போட்ட பொன்னாடை, கேடயம், ஃபோட்டோ, கைதட்டு. அடுத்த கச்சேரியிலிருந்து அவர் முன்வரிசை நாற்காலியில், பாதிரியார் பக்கத்தில். வேர்க்கடலை தின்றுகொண்டு, கால் மட்டும் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருக்க. கடலை தின்னப் பல் ஏது என்று கேட்பீர். ஊற வைத்த கடலை. அந்த நாற்காலியில் நான் உட்காருவதா? மேடைக்கு எதிரில் இருந்து மேடையைப் பார்ப்பதா? நான் மேடையிலிருந்து ஜனத்தைப் பார்த்தே பழகினவன் வே. யார் யாரோடு வந்து உட்காருகிறார்கள், எவள் எவனைத் திரும்பிப் பார்க்கிறாள், இதையெல்லாம் பார்க்காமல் வாசித்தால் விரல் எதற்காக ஓடும்? கஸ்மீர் பையைக் காலால் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறான். நான் பார்க்கிறேன் என்பதைப் பார்த்துவிட்டானா. பார்க்கட்டும்.

காதுக்கு என்ன என்று உமக்கு மட்டும் சொல்லுகிறேன். திமிங்கிலம் தும்மியதா இல்லையா என்பது வேறு வழக்கு, ஆனால் சங்கு குளித்தது உண்மை, காது உடைந்ததும் உண்மை. ஆழத்தில் முங்கிச் சங்கு எடுக்கிறவன் காதில் ரத்தம் வருவதும் காய்வதும் சாதாரணம், அதை யாரும் சீக்கு என்று சொல்லுவதில்லை. அப்போது ஒன்றும் தெரியவில்லை. வயது வந்த பிறகுதான் கணக்கைத் தீர்க்க வந்தது. அதுவும் எப்படி, மேல் சத்தமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, செலஸ்தீனா அடுப்படியிலிருந்து திட்டுகிறது ஒரு எழுத்து பிசகாமல் வந்து சேருகிறது, கொசு பாடுகிறது கேட்கிறது. கீழ்ச் சத்தம்தான் போய்க்கொண்டிருக்கிறது. கிட்டாரின் தடித்த கம்பிகளைத் தட்டினால், கம்பிக்குப் பதில் நூல் கட்டின மாதிரி சத்தமே இல்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதும் சத்தத்துக்கு எழும்புகிறவன் நான், ஒருநாள், “கப்பல் ஊதி எம்புட்டு நேரமாச்சு, இன்னும் படுத்துக் கெடக்கீக” என்றாள். ஊதவில்லையே என்றேன். ஊதிச்சு என்றாள். அன்றைக்குக் கடற்கரைக்குப் போனேன். கடல் அமைதியாக இருந்தது. அடுத்த வாரமும் அமைதியாக இருந்தது. அலை வந்து விழுகிறது, நுரை சரசரக்கிறது, அந்தச் சரசரப்பு கேட்கிறது, அதற்கு அடியில் இருக்கிற அந்தப் பெரிய இரைச்சல், பிறந்த நாளிலிருந்து வீட்டுக் கூரை மாதிரி தலைக்கு மேலே நின்ற இரைச்சல், அது இல்லை. ‘இந்த வருசம் கடல் ரொம்ப சாதுவா இருக்கு’ என்று படகுக்காரனிடம் சொன்னேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அன்றைக்குப் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்களாம். அதற்குப் பிறகு கடலைப் பற்றி யாரிடமும் நான் அபிப்பிராயம் சொல்லுவதில்லை.

பிறகு எப்படி மேடையில் வாசிக்கிறாய் என்று கேட்கிறீர், கேட்க வேண்டிய கேள்வி. ஒரு திருவிழாவில் கால் கடுத்து, பாட்டு நடக்கும்போதே, பின்னால் இருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த மாத்திரத்தில், வே, சத்தியம், என் முதுகெலும்பு வழியாக அந்தத் தடித்த கம்பி ஏறி வந்தது! இடுப்பில் நுழைந்து, விலாவில் பரவி, மண்டைக்குள் வந்து பூத்தது. காதிடம் அனுமதி கேட்கவே இல்லை, கொல்லைப்புறமாக வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் நின்று வாசிப்பதில்லை. ஜனம் அதை ஸ்டைல் என்று நினைக்கிறது. ‘தொம்மை உட்கார்ந்து வாசிக்கிற கெத்தைப் பாரு’ என்று இளவட்டங்கள் படம் எடுக்கிறார்கள். பெட்டியின் கைப்பிடி மட்டும் நட்டநடுவில் இருக்கிறது, அது குத்துகிற குத்தில் பாட்டு முடிவதற்குள் இடது வலது என்று மாறி மாறிச் சாய்வேன், அதையும் நடனம் என்று நினைக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் கிட்டாரைப் பொறுத்தது, அதுதான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது. பெட்டியின் வாயிலேயே போய் உட்கார்ந்துகொண்டு வாசித்தாலும் கத்தாத கிட்டார் வேண்டும். எல்லாக் கிட்டாரும் அப்படிக் கிடையாது.

“சும்மா இருக்கதுக்கு இதைப் பாருங்க அத்தான்” என்று கஸ்மீர் ஒன்றை இறக்கிக் கொடுத்தான். தேன் நிறம். உள்ளே பொள்ளல், மேல் பலகையில் வயலினுக்கு இருக்கிற மாதிரி வளைந்த ரெண்டு துளை. கையில் வாங்கினால் கனமே இல்லை, முறம் மாதிரி. “உங்க தோளுக்கு இதுதான். மெலடிக்கு எப்பிடிக் கரையும் தெரியுமா? நான் போன வாரமே வந்து கேட்டுட்டுப் போனேன், அப்பவே இதுன்னு முடிவு பண்ணிட்டேன். உங்க காது சரின்னா எடுத்துரலாம்.” கரண்ட் இல்லாமலேயே மெதுவாகச் சுண்டினேன். பிறகு யாரும் தடுப்பதற்குள் கிட்டாரின் ஓரத்தைப் பல்லால் கவ்வினேன். பொன்னுலிங்கம் பதறிப்போய், “ஐயா, ஐயா! வார்னிஷ் போயிரும்! வாங்குறதுக்கு முன்னாடி கடிக்காதீக!” என்றான். “மரத்தைக் கடிச்சாத்தான்டே அது எந்தக் கடல்ல மிதந்து வந்துச்சுன்னு தெரியும்” என்றேன் வாயை எடுக்காமலேயே. “மிதந்து வரல, லாரியில வந்துச்சு.” “லாரிக்கு முன்னாடி?” மேல் வரிசைப் பல் என்னுடையது, கீழ் வரிசை டாக்டர் கொடுத்தது, ஆனாலும் தாடை எலும்பு சொந்தம். அதன் வழியே கேட்டேன். தேன் நிறக் கிட்டாரில் சத்தம் சட்டென்று விரிந்தது, மல்லிகைப் பந்தலை உலுக்கின மாதிரி, அழகாக உதிர்ந்து சட்டென்று தீர்ந்தும் போனது. உள்ளே இருக்கிற காற்று பாதியைத் தின்றுவிட்டது. சிவப்பைக் கடித்தேன்: அதில் கழுத்தை உடம்போடு நாலு ஆணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள், சத்தம் நறுக்கென்று தொடங்கியது, கத்திரிக்கோல் திறந்து மூடின மாதிரி. அப்புறம் மூலையில் ஒரு கறுப்பு, யாரும் தொடாமல் தூசி படிந்தது, முழுக்கட்டை, கழுத்தை உடம்புக்குள் இறக்கி ஒட்டியே வைத்திருக்கிறார்கள். தூக்கினால் கைக்குழந்தை அல்ல, பள்ளிக்கூடம் போகிற குழந்தை. அதைக் கடித்துத் தடித்த கம்பியைச் சுண்டினேன். துறைமுகத்தை விட்டுப் போகிற கப்பல் சிறுத்துச் சிறுத்துப் போகுமே, போய்விட்டது என்று நினைக்கும்போது இன்னும் ஒரு புள்ளியாகத் தெரியுமே, அப்படிப் போய்க்கொண்டே இருந்தது. நான் வாயை எடுக்கவில்லை. பொன்னுலிங்கம் துணியை எடுத்து வந்து பக்கத்திலேயே நின்றுகொண்டான், துடைக்க.

எல்லாம் மரமா என்றால் அதுவும் இல்லை. மரம் மரம் என்று நான் மேடையில் விடுகிற கதை வேறு, கம்பிக்குக் கீழே இருக்கிற காந்தம் வேறு. காந்தத்துக்கு மரம் தெரியாது, பலாவா தேக்கா என்று அது கேட்பதில்லை, இரும்புக் கம்பி ஆடுகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. கம்பிக்குத்தான் மரம் தெரியும். கம்பியின் ஆட்டத்தில் மரம் எதைத் தின்னுகிறது எதைத் திருப்பிக் கொடுக்கிறது, அந்த மிச்சத்தைத்தான் காந்தம் எடுத்து ஒயரில் அனுப்புகிறது. சிவப்பில் காந்தத்தைச் சுற்றி ஒற்றைச் சுருள். அது கம்பியையும் கேட்கும், ட்யூப் லைட்டையும் கேட்கும், திருவிழா சீரியல் பல்பையும் ஜெனரேட்டரையும் கேட்கும், ஊர்ப் பேச்சையெல்லாம் காதில் வாங்குகிற பொம்பளை மாதிரி, அதனால்தான் இரைகிறது. கறுப்பில் ரெண்டு சுருள், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியது. வெளி இரைச்சல் ரெண்டிலும் எதிரெதிராக வந்து மோதிச் செத்துவிடும், கம்பியின் சத்தம் மட்டும் ரெண்டிலும் சேர்ந்து தடிக்கும். நானும் செலஸ்தீனாவும் அப்படித்தான், நான் இடது பக்கம் சுற்றினால் அவள் வலது பக்கம் சுற்றுவாள், கல்யாணம் ஆன நாளிலிருந்து. ஊர்க்காரன் எங்களைப் பற்றிச் சொன்னது எதுவும் எங்கள் வீட்டுக்குள் நின்றதில்லை. அவளுக்கு என் காது விஷயம் தெரியுமா? தெரியாது. தெரிந்தால் திட்டியிருப்பாள். இப்போதெல்லாம் திட்டும்போது என் முகத்துக்கு எதிரில் வந்து நின்று திட்டுகிறாள், அது பாசம். பாசமா? அதற்கு மேல் அந்த நினைப்பை ஓட விடவில்லை.

“எனக்குக் கறுப்புதான் மாப்ள” என்றேன். கஸ்மீர் அதிர்ந்துவிட்டான். “அதா? அத்தான், அதைத் தூக்கி மாட்டினா உங்க தோள் கழண்டு கையில வந்துரும்.” “உக்காந்துதானே வாசிக்கேன்.” பொன்னுலிங்கம் யாவாரி என்றாலும் நேர்மையானவன். “கனம்கூடப் பரவாயில்ல ஐயா, கழுத்து ஒட்டினது. நம்ம ஊரு உப்புக் காத்துல வளைஞ்சிட்டுன்னா கழட்ட முடியாது, மெட்ராசுக்குத்தான் அனுப்பணும். சிவப்புன்னா நாலு ஆணிதான், வேற கழுத்தே மாட்டிரலாம்.” “சிவப்பு இரையுது அண்ணாச்சி, மேடைக்கு ஆகாது” என்றான் கஸ்மீர், “அந்தத் தேன் கலருக்கு என்ன அத்தான் குறை?” குறை என்ன என்று நான் எப்படிச் சொல்லுவேன்? பொள்ளலாக இருக்கிறதே, அதுதான் குறை. பெட்டியிலிருந்து வருகிற சத்தம் அந்த மெல்லிய பலகையைப் போய் ஆட்டும், பலகை கம்பியை ஆட்டும், கம்பியைக் காந்தம் எடுத்துப் பெட்டிக்கு அனுப்பும், பெட்டி மறுபடி பலகையை ஆட்டும், சுற்றிச் சுற்றிப் பெருத்து ஊளையாகிவிடும். தள்ளி நின்று வாசிக்கிறவனுக்கு அது தேன். பெட்டி மேல் உட்காருகிறவனுக்கு நாய். இதைச் சொன்னால், ஏன் பெட்டி மேல் உட்காருகிறீர்கள், தள்ளித்தான் நில்லுங்களேன் என்பான். ஏன் என்றால். ஏன் என்றால். பார்த்தீரா, என் நினைப்பும் அந்தத் தேன் நிறக் கிட்டார் மாதிரியே சுற்றுகிறது, தன் சத்தத்தைத் தானே கேட்டு ஊளையிடப் பார்க்கிறது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். “துளை வச்ச கிட்டார் ஆபத்து மாப்ள. ஒரு கரை ஊர்ல, பேர் வேண்டாம், ஒருத்தன் இதே மாதிரி வச்சு வாசிச்சான். மழைக்காலம் பூரா வீட்டுல தொங்குச்சு, உள்ள குளவி கூடு கட்டிட்டு. அவனுக்குத் தெரியாது. சப்பரம் வர்ற நேரம், மேல்ஸ்தாயில ஒரு இழுப்பு இழுத்தான் பாரு, துளையிலருந்து கிளம்பிச்சு. சப்பரத்த அப்பிடியே ரோட்டுல வச்சிட்டு ஊரே கடல்ல இறங்கிட்டு. பங்குச் சாமியார்தான் முதல் ஆள்.” பொன்னுலிங்கம் துளைக்குள் எட்டிப் பார்த்தான், சத்தியமாக எட்டிப் பார்த்தான். கஸ்மீர் சிரிக்கவில்லை. “நல்ல கதை. நிசத்தைச் சொல்லுங்க” என்றான், என் முகத்தையே பார்த்துக்கொண்டு. நான் மஞ்சள் பையைப் பார்த்தேன்.

ட்யூப் லைட் கண்ணைச் சிமிட்டியது. ஃபேன் நகர்ந்தது. வந்துவிட்டது பாவி. “முதல்ல சிவப்பு” என்றான் கஸ்மீர். நான் கிட்டாரை வாங்கிக்கொண்டு, ஸ்டூலை விட்டு எழும்பி, “இந்த ஸ்டூல் ஆடுதுப்பா” என்று சொல்லியபடியே போய் பெட்டி மேல் உட்கார்ந்தேன். பொன்னுலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கஸ்மீர் கையைக் காட்டினான். திருகைத் திருப்பினேன். ஒன்றும் வாசிக்கவில்லை. முதலில் தொடையில் ஒரு நடுக்கம், அப்புறம் இடுப்பில், அப்புறம் அது ஏறி வந்து மண்டைக்குள் நின்றது, ம்ம்ம் என்று, அடியும் முடியும் இல்லாமல். இரைச்சல்தான். ட்யூப் லைட்டின் இரைச்சல், தெருக் கம்பியின் இரைச்சல், ஊர் மின்சாரம் பூராவும் அந்த ஒற்றைச் சுருளில் வந்து விழுகிற இரைச்சல். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை வே. இரவில் பாயில் படுத்திருக்கிறேன், ஜன்னல் திறந்திருக்கிறது, அப்பா வலையைப் போட்டுவிட்டு இன்னும் வரவில்லை, அம்மா விளக்கை அணைக்காமல் வைத்திருக்கிறாள், வெளியே அது இரைந்துகொண்டே இருக்கிறது, அது இரைகிற வரைக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தூங்கிப் போகிறேன். கடல். போன கடல். ஒரு ஸ்டூலின் உசரத்துக்கு ஒரு பெட்டி, அதற்குள் வந்து கிடக்கிறது. இந்தச் சிவப்பையே வாங்கிவிடலாமா? மேடைக்கு ஆகாது. வீட்டில் ஒரு மூலையில் வைத்து, கம்பியைத் தொடாமல், வெறுமனே திருகைத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருக்க? எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் தெரியாது. “அத்தான்” என்றான். கண்ணைத் துடைக்கவில்லை, துடைத்தால் தெரியும். “கேக்குது மாப்ள, நல்லா இரையுது. இது வேண்டாம்” என்று திருகைத் திருப்பி நானே அதைக் கொன்றேன்.

தேன் நிறத்தை அவனே மாட்டிவிட்டான். ஒயரைச் செருகித் திருகைக் கொஞ்சம்தான் கூட்டினான். என் விரல் கம்பியை இன்னும் தொடக்கூட இல்லை. பெட்டி என் அடியில் உறுமியது, உறுமல் ஏறியது, பொன்னுலிங்கம் காதைப் பொத்திக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் குனிந்தான், தெருவில் ஒரு ஸ்கூட்டர்காரன் பிரேக் போட்டுத் திரும்பிப் பார்த்தான். நான் எழும்பித் தள்ளிப் போயிருந்தால் ஊளை நின்றிருக்கும். எழும்பினால் எனக்கு ஒன்றும் கேட்காது. நான் எழும்பவில்லை. கஸ்மீர் ஓடி வந்து திருகை அணைத்தான். கடை அமைதியானது. இப்போது நிசமான அமைதி, ரெண்டு பேரின் முகத்தில் அது தெரிந்தது. அவன் என் முன்னால் நின்று என்னைப் பார்த்தான். நான் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். நான் குளவிக் கதையின் ரெண்டாம் பாகத்தைத் தேடினேன், வாயில் ஒன்றும் வரவில்லை, என் ஆயுசில் முதல் தடவை. அவன் தேன் நிறத்தை என் தோளிலிருந்து கழற்றினான், போன வாரமே வந்து முடிவு பண்ணி வைத்த கிட்டாரை, கழற்றித் திரும்ப ஆணியில் மாட்டினான், மாட்டும்போது அதன் வயிற்றில் ஒரு தடவு தடவினான். மூலைக்குப் போய்க் கறுப்பைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தான். “வாசிங்க.” தடித்த கம்பியை வாசித்தேன். பெட்டி கத்தவில்லை. முதுகு வழியே கப்பல் கிளம்பிப் போனது, போய்க்கொண்டே இருந்தது. கஸ்மீர் கிட்டாரைக் கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் என் முகத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்க்கிறான் போல. அது தீர்ந்ததும், “இதையே போடுங்க அண்ணாச்சி” என்றான்.

பிறகு குனிந்து அந்த மஞ்சள் பையை எடுத்தான். சரி, முடிந்தது. கிட்டாரும் வாங்கிக் கொடுத்துப் பொன்னாடையும் போர்த்துகிறான், கடையிலேயே, ஜனம் இல்லாமல், அந்த மட்டுக்கும் தயவு. இசைச் செம்மல் என்று ஆரம்பித்தால் எழும்பிப் போய்விட வேண்டும் என்று நினைத்தேன், கறுப்பு மடியில் கனக்கிறது, எழும்ப முடியவில்லை. பையிலிருந்து வந்தது சிவப்பு வெல்வெட். ஜரிகை இல்லை. சதுரமாக ஒரு மெத்தை, நாலு மூலையிலும் கட்டுவதற்கு நாடா. “அக்கா அளவு கொடுத்து விட்டா, நம்ம ஆம்ப்ளிஃபயருக்கு. துணிக்கடைத் தெரு டெய்லர்ட்ட ஓரம் அடிக்கக் கொடுத்திருந்தோம்” என்றான் எங்கோ பார்த்துக்கொண்டு. பொன்னுலிங்கம் கல்லாவிலிருந்து எட்டி, “ஆம்ப்ளிஃபயருக்கு எதுக்கு மெத்தை?” என்றான். கஸ்மீர் கண்ணிமைக்காமல், குரல் நடுங்காமல் சொன்னான்: “அத்தானுக்கு மூலம், அண்ணாச்சி. டாக்டர் வெறும் பலகையில உக்காரக் கூடாதுன்னுட்டாரு.” நான் இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருக்கிறேன், திமிங்கிலத்தைத் தும்ம வைத்தவன், இப்படி ஒரு பொய்யை இப்படி ஒரு முகத்தோடு என்னால் சொல்ல முடிந்திருக்காது. பொன்னுலிங்கத்தின் முகம் அப்படியே இளகிவிட்டது. “ஐயோ ஐயா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? கருணைக்கிழங்கு சாப்பிடுங்க. எங்க மாமனாருக்கு அதுலதான் நின்னுச்சு.” “சாப்பிடுதேன்பா” என்றேன். வேறு என்ன சொல்ல?

மெத்தையை வாங்கிக் கையில் அமுக்கிப் பார்த்தேன். அமுங்கவில்லை. வெல்வெட்டுக்கு அடியில் பஞ்சு இல்லை வே. பலகை. ஒரே பலகை, அடியில் ரெண்டு பக்கமும் ரெண்டு கட்டை அடித்து, பெட்டியின் கைப்பிடி நடுவில் குத்தாமல் உள்ளே அடங்கிக்கொள்ள இடம் விட்டு. பஞ்சு வைத்திருந்தால் சத்தம் ஏறி வராது, பஞ்சு தின்றுவிடும். மூலக்காரனுக்கு யார் வே பலகை தைத்துக் கொடுப்பார்கள்? எந்தத் தச்சனிடம் சொல்லி, என்னவென்று சொல்லி, எத்தனை நாளாக இந்த அக்காவும் தம்பியும். அவள் என் முகத்துக்கு எதிரில் வந்து நின்று திட்டுகிறாள், இவன் கீச்சுக் குரலில் பேசுகிறான். கஸ்மீருக்கு நிசமாகவே கீச்சுக் குரலா, எனக்காக ஏற்றிப் பேசுகிறானா? சின்ன வயதில் எப்படிப் பேசுவான்? எனக்கு ஞாபகம் வரவில்லை. பலகையை மூக்கருகில் கொண்டு போனேன். மோந்து பார்த்தேன். பலா.

ஆட்டோவில் கறுப்பு எங்கள் ரெண்டு பேர் முட்டிக்கு மேல் படுத்து வந்தது. “ஏ மாப்ள, மூலம்னு சொன்னியே, வேற சீக்கே கிடைக்கலியா?” என்றேன். “குளவி கொட்டுச்சுன்னு சொல்லியிருக்கணுமோ?” என்றான். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது திருவிழாவுக்குத் திருவிழா நான் அந்தச் சிவப்பு வெல்வெட் மேல் மகாராஜா மாதிரி உட்கார்ந்து வாசிக்கிறேன். லாசர் அண்ணன் முன்வரிசையிலிருந்து கைதட்டுகிறார். ஊர் முழுக்க எனக்கு மூலம் என்று நம்புகிறது, வழியில் நிறுத்தி வைத்தியம் சொல்லுகிறது, கோயில் வாசலில் ஒருத்தி கிழங்கே கொண்டுவந்து கொடுத்தாள். நம்பட்டும். ஆனி மாதம் வந்தபோது அந்தப் பலகையில் ஈ மொய்த்தது, நான் மேடையிலேயே விரட்டினேன், அதையும் சத்தியமாகச் சொல்லுகிறேன். ஆனால் எனக்கு மூலம் கிடையாது. அதை உமக்கு மட்டும்தான் சொன்னேன். என் காது விஷயத்தை அவர்கள் கண்டுபிடித்தது எனக்குத் தெரியும் என்பது செலஸ்தீனாவுக்கும் கஸ்மீருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தும் தெரியாதது மாதிரி இருக்கிறார்கள், அந்தக் கட்டு அப்படியே இருக்கட்டும், அதை ஆட்டக்கூடாது. நீர் ஆள் நல்லவர், ஆனால் வாய் நிற்காது, பார்த்தாலே தெரிகிறது. எங்கேயாவது சொல்லத்தான் போகிறீர். சொல்லும். யாரய்யா சொன்னது என்று கேட்டால் மட்டும், கடற்கரையில் எவனோ ஒரு கிழவன், பேர் கேட்டேன், அவனுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று சொல்லிவிடும்.